விதி சொல்லாத சீட்டாட்டம்

'கல்டிஸ்ட் சிமுலேட்டர்' கணினித் திரையில் தனியாக ஆடும் சீட்டாட்டம். லண்டனில் உள்ள வெதர் ஃபேக்டரி என்ற மிகச் சிறிய நிறுவனம் உருவாக்கியது. 2018 மே 31 அன்று வெளிவந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அலெக்ஸிஸ் கென்னடியும் லாட்டி பெவனும். கென்னடி அதற்கு முன் ஃபெயில்பெட்டர் கேம்ஸ் நிறுவனத்தில் 'ஃபாலன் லண்டன்', 'சன்லெஸ் சீ' என்று எழுத்துக்கே முதலிடம் தரும் விளையாட்டுகளை உருவாக்கியவர். புதிய விளையாட்டுக்காக 2017இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 30,000 பவுண்டு கேட்டார்கள். 80,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டின் பாஃப்டா விளையாட்டு விருதுகளில் முதல் படைப்பு, புதுமை ஆகிய இரண்டு பிரிவுகளில் அதன் பெயர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வளவு இருந்தும் ஆடியவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இதைப்போல் தங்களை ஆட்கொண்ட விளையாட்டு வேறில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எதைச் செய்ய வேண்டும் என்றே தெரியாமல் சீட்டுகளை இழுத்து இழுத்துச் சலித்துப்போனோம் என்பது இன்னொரு சாராரின் குறை. எழுத்து அருமை, ஆட்டம் அலுப்பு என்று நடுவில் நிற்பவர்களும் ஏராளம். மூன்று சாராரும் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். இந்த விளையாட்டு தன் விதிகளைச் சொல்வதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க நிதானமான நேரமும் தருவதில்லை. இவை இரண்டும் தனித்தனி முடிவுகள், இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விதிகளை மறைத்தது துணிச்சலான, சரியான முடிவு. கடிகாரத்தை ஓடவிட்ட முடிவு தொடக்கத்தில் பலன் தந்து, ஆட்டத்தின் நடுப்பகுதியில் சறுக்குகிறது. ஆர்வம், நினைவு, அச்சம் ஆகியவற்றைப் பற்றிய உளவியல் ஆய்வுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே விளக்குகின்றன.

ஆட்டம் தொடங்கும்போது திரையில் ஒரு மேசை. அதன் மேல் 'வேலை' என்ற ஒரே ஒரு கட்டம். பக்கத்தில் கூலிவேலையைக் குறிக்கும் ஒரே ஒரு சீட்டு. சீட்டை இழுத்துக் கட்டத்தில் போட்டால் நொடிகள் குறையத் தொடங்கும். நேரம் முடிந்ததும் கட்டத்தைத் திறந்து, விளைந்த சீட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். சிறிது நேரத்தில் கனவு, படிப்பு, பேச்சு, தேடல் என்று புதிய கட்டங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். உடல்நலம், அறிவு, வேட்கை, பணம் எல்லாமே சீட்டுகள்தான். 'காலம்' என்ற கட்டத்துக்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. அது தானாக ஓடி, 60 நொடிக்கு ஒருமுறை ஒரு பணச் சீட்டை எடுத்துக்கொள்ளும். பணம் தீர்ந்தால் பசி வரும். பசி உடல்நலத்தில் கைவைக்கும்.

விரக்தி வந்து சேரும் விதத்தைப் பார்த்தால் மொத்த வடிவமைப்பும் பிடிபடும். கனவுகளாலும் தோல்விகளாலும் அச்சம் என்ற சீட்டு மேசையில் சேர்ந்திருக்கும். திடீரென்று ஒரு பருவத்தில் 'விரக்தி' என்ற கட்டம் தானாகத் தோன்றி, அந்த அச்சச் சீட்டை ஆட்டக்காரரின் கண்முன்னே இழுத்துக்கொள்ளும். நேரம் ஓடும். இன்னோர் அச்சச் சீட்டு இருந்தால் அதுவும் உள்ளே போகும். மூன்று சேர்ந்துவிட்டால் கதைமாந்தரின் வாழ்வு முடிந்தது, ஆட்டமும் முடிந்தது. மனநிறைவுச் சீட்டு ஒன்று மேசையில் இருந்திருந்தால் விரக்தி அதை எடுத்துக்கொண்டு அடங்கியிருக்கும். எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. மறைபொருளில் அளவுமீறி ஈடுபட்டால் சேரும் ஈர்ப்புச் சீட்டுகள் பிரமைகளாகத் திரண்டு, மூன்று ஆனதும் அறிவைப் பறித்துவிடும். அந்தப் பிரமையைத் தணிப்பது எது என்றால், அச்சச் சீட்டு. ஒரு வழியில் கொல்லும் அச்சமே மறு வழியில் காப்பாற்றுகிறது. மனித மனத்தைப் பற்றிய கூர்மையான கவனிப்பு இது. ஆனால் இதை விளக்கும் பயிற்சிப் பாடம் எதுவும் விளையாட்டில் இல்லை. இரண்டு முறை செத்த பிறகுதான் பலருக்கு இது விளங்குகிறது.

கதையின் போக்கு எளிது. 1920களை ஒத்த இங்கிலாந்தில் ஒரு சாதாரண ஆள், யாரோ விட்டுச்சென்ற உடைமையின் வழியாக மறைபொருள் அறிவை நோக்கித் திரும்புகிறார். ரகசியக் குழு ஒன்றை அமைக்கிறார், ஆள் சேர்க்கிறார், விலக்கப்பட்ட நூல்களைத் தேடி வாங்குகிறார். சில நூல்கள் லத்தீனிலும் கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் இருக்கும். அந்த மொழியைக் கற்றால்தான் பக்கங்கள் திறக்கும். கனவில் மேன்சஸ் என்ற சுவரில்லாத மாளிகைக்குப் போகிறார். அதன் வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க, 'மணிகள்' என்று அழைக்கப்படும் தெய்வங்களின் பார்வைக்குள் வருகிறார். விளக்கு, உலை, விளிம்பு, குளிர், இதயம், கிண்ணம், விட்டில், தட்டல், மறை வரலாறுகள் என ஒன்பது வகை அறிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் உச்சியை எட்டி, மனித நிலையைக் கடந்துவிடுவதே வெற்றி. இடையில் அலுவலக வேலைக்கும் போய்வர வேண்டும். கெடுவுக்குள் திரும்பாவிட்டால் அந்த வேலையும் போய்விடும். மேலாளரின் மனநிலையும் அமரத்துவமும் ஒரே மேசையில் போட்டியிடும் இந்த ஏற்பாட்டை, விளையாட்டைக் குறைசொல்பவர்கள்கூடப் பாராட்டத் தவறுவதில்லை.

இந்த விளையாட்டு 'அண்டத் திகில்' என்ற இலக்கிய வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து வாழ்ந்த எச்.பி. லவ்கிராஃப்ட் (1890–1937) இந்த வகைக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர். 1928இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வெளியான அவருடைய 'கதுல்ஹூவின் அழைப்பு' இதன் அடையாளக் கதையாக நிற்கிறது. பேய்க் கதையில் பேய்க்கு மனிதன் மேல் ஏதோ ஒரு கோபமோ ஆசையோ இருக்கும். அண்டத் திகிலில் அதுவும் கிடையாது. பிரபஞ்சத்தின் உண்மையான உடைமையாளர்களுக்கு மனிதன் ஒரு பொருட்டே அல்ல; அந்த உண்மையின் ஒரு நுனியைத் தெரிந்துகொண்டாலே மனம் உடைந்துபோகும். ஆகவே இங்கே அறிவுதான் ஆபத்து. கல்டிஸ்ட் சிமுலேட்டர் லவ்கிராஃப்டின் பூதங்கள் எதையும் கடன் வாங்கவில்லை. தெய்வங்களும் வரலாறும் நூல்களும் கென்னடியின் சொந்தப் படைப்பு. எடுத்துக்கொண்டது அறிவுக்கும் ஆபத்துக்கும் இடையிலான அந்த உறவை மட்டுமே.

அந்த உறவை ஆட்டமாக மாற்றுவது கடினம். 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுல்ஹூ' மேசைக் கதையாட்டம் ஒரு நல்ல வழியைக் கண்டது. அதில் ஒவ்வொரு கதைமாந்தருக்கும் மனத்தெளிவு ஓர் எண். மறைபொருள் அறிவு கூடக்கூட, மனத்தெளிவு எட்டக்கூடிய உச்ச அளவு குறையும். பின்னர் வந்த எத்தனையோ விளையாட்டுகள் இந்த வழியைப் பின்பற்றின. ஆனால் எண் ஒன்று கண்முன் இருக்கும்போது அச்சம் கணக்காக மாறிவிடுகிறது. இன்னும் எவ்வளவு மிச்சம், எங்கே நிரப்பலாம் என்று மனம் திட்டம் போடத் தொடங்கும். விதிகள் முழுவதும் தெரிந்த உலகில் தெரியாதவற்றின் மேல் அச்சம் பிறக்காது. கல்டிஸ்ட் சிமுலேட்டர் இந்த முடிச்சை வேறு இடத்தில் அவிழ்த்தது. கதைமாந்தருக்கு உலகின் விதிகள் தெரியாது, ஆட்டக்காரருக்கும் தெரியாது. தடைசெய்யப்பட்ட ஏட்டைத் திறக்கும் பாத்திரத்தின் தயக்கமும், இரண்டு சீட்டுகளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அறியாத கையின் தயக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. விதிகளை மறைத்ததைக் கைவினைக் குறையாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆனால் தெரியாமை எல்லாமே ஆர்வத்தைத் தூண்டிவிடாது. அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994இல் முன்வைத்த விளக்கப்படி, ஏற்கெனவே தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையே ஓர் இடைவெளியை மனம் உணரும்போதுதான் ஆர்வம் எழுகிறது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளி இருப்பதே உறைக்காது. 2009இல் கலிஃபோர்னியாவில் மின் ஜியோங் காங்கும் கூட்டாளிகளும் பொது அறிவு வினாக்களை வைத்துச் செய்த சோதனை இதற்கு வலுச்சேர்த்தது. விடை நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கும் சுத்தமாகத் தெரியாதவர்களுக்கும் ஆர்வம் குறைவாக இருந்தது. விடை ஓரளவு தெரிந்ததுபோல் இருந்தவர்களுக்கே உச்சத்தில் இருந்தது. அந்த நிலையில் மூளையில் வெகுமதியோடு தொடர்புடைய ஒரு பகுதியும் கூடுதலாக இயங்கியது.

விளையாட்டின் துப்புகள் இந்த இடைவெளியை அளந்து வைக்கின்றன. காலியாக உள்ள கட்டத்தைத் தொட்டால் அதற்கு என்ன தன்மையுள்ள சீட்டு வேண்டும் என்ற குறிப்பு மட்டும் வரும். ஒரு சீட்டைத் தொட்டால் இரண்டு மூன்று வரிகளில் அதன் விவரிப்பும், அதனுள் இருக்கும் அறிவு வகைகளின் சின்னங்களும் தெரியும். எந்தச் சின்னம் எதற்குப் பயன்படும் என்பது சொல்லப்படாது. ஒரே வகையிலும் ஒரே அளவிலும் உள்ள இரண்டு அறிவுச் சீட்டுகளைப் படிப்புக் கட்டத்தில் சேர்த்தால் அடுத்த நிலை அறிவு பிறக்கும் என்பதை ஆட்டக்காரர் தாமாகவே கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்த அந்த நொடியைப் பற்றித்தான் விளையாட்டை விரும்பியவர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். எழுத்தின் மேல் அவர்களுக்குள்ள பற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆர்வம் தூண்டப்பட்ட நிலையில் மூளை, தேடும் விடையோடு பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது. மத்தியாஸ் க்ரூபரும் சரண் ரங்கநாத்தும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விடைக்காக ஆவலோடு காத்திருந்த நேரத்தில் காட்டப்பட்ட, வினாவோடு தொடர்பே இல்லாத முகங்களைக்கூடப் பங்கேற்றவர்கள் பின்னர் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். டைமர் முடியக் காத்திருக்கும் 30 நொடியில் படித்த ஒரு வரி, மாதங்கள் கழிந்தும் மறக்காமல் இருப்பதற்கு இது நம்பத்தகுந்த காரணம்.

தோற்றுத் தோற்றுக் கற்பதற்கும் ஆய்வாளர்களின் ஆதரவு உண்டு. சிங்கப்பூரில் நெடுங்காலம் பணியாற்றிய கல்வி ஆய்வாளர் மனு கபூர் 2008 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள் 'பலன் தரும் தோல்வி' என்ற கருத்தை முன்வைக்கின்றன. கடினமான கணக்கை எந்த உதவியும் இல்லாமல் முயன்று தோற்ற மாணவர்கள், அதன் பிறகு முறையான பாடம் கேட்கும்போது, முதலிலேயே பாடம் கேட்டவர்களைவிட ஆழமாகப் புரிந்துகொள்கிறார்கள். இதில் 'அதன் பிறகு' என்ற பகுதி மிக முக்கியம். முயற்சி மட்டும் போதாது, முடிவில் ஓர் ஆசிரியர் வந்து இழைகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கல்டிஸ்ட் சிமுலேட்டரில் அந்த ஆசிரியர் கடைசிவரை வருவதில்லை. அந்த இடத்தை ஆட்டக்காரர்களே நிரப்பினார்கள். எந்த நூல் எந்த அறிவைத் தரும், எந்தச் சடங்குக்கு எவ்வளவு வேண்டும் என்று அட்டவணைகளாகவும் விக்கியாகவும் தொகுத்தார்கள். இவற்றைப் பார்த்து ஆடுவது சரியா என்ற வாதம் அவர்களிடையே இன்னும் ஓயவில்லை. மூன்று நான்கு முறை தானாகத் தோற்ற பிறகு விக்கியைத் திறப்பது, கபூரின் வரிசைக்கு மிக அருகில் வரும் ஆட்டமுறை. தொடக்கத்திலேயே அதைத் திறப்பவர் கதையின் பாதிப் பயனை இழக்கிறார். கடைசிவரை திறக்க மறுப்பவர் பெரும்பாலும் பாதியில் எழுந்துவிடுகிறார்.

கடிகாரம் இதற்குள் வேறு வகையான சுமையைக் கொண்டுவருகிறது. மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திக்கொள்ளக்கூடிய செய்திகள் சுமார் நான்கு என்று நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஆட்டத்தின் நடுப்பகுதியில் மேசை மேல் ஏழெட்டுக் கட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. பல சீட்டுகளுக்கும் ஆயுள் உண்டு, சிறிது நேரத்தில் மங்கி மறைந்துவிடும். அலுவலகம், நோய்வாய்ப்பட்ட உடல், குழுவைத் துப்பறியும் அதிகாரி, பாதியில் நிற்கும் மொழிபெயர்ப்பு என்று எல்லாம் நான்கு அடுப்பில் ஆறு பாத்திரம் வைத்த சமையலாகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் மனம் வேகத்திலும் பிழையிலும் ஒரு விலை கொடுக்கிறது என்பதை ராபர்ட் ராஜர்ஸும் ஸ்டீவன் மான்செலும் 1995இல் அளந்து காட்டினார்கள். இதனால் முதலில் அடிபடுவது வாசிப்பு. கண் எண்களுக்குத் தாவிவிடுவதால், விளையாட்டின் பெருஞ்செல்வமான வரிகள் படிக்கப்படாமலே மூடப்படுகின்றன. ஆட்டக்காரர்களின் குறைகளில் இதுதான் மிகவும் வருத்தமானது.

கெடு இன்னொரு தீங்கும் செய்கிறது. சார்லி வூவும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நேர நெருக்கடியில் இருந்தவர்கள் பலன் தெரியாத வாய்ப்புகளைச் சோதித்துப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கல்டிஸ்ட் சிமுலேட்டருக்கு இது நேராகப் பொருந்துகிறது. சோதித்துப் பார்த்தால்தான் விதி தெரியும் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, சோதிக்கும் துணிவை மறுபக்கம் கடிகாரம் பறித்துக்கொள்கிறது. பணம் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் புதியவர்கள் பலர் அலுவலக வேலையையே சுற்றிச் சுற்றிச் செய்து, ஒரு மணி நேரம் கழித்து, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று குறைபடுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. இதற்கு விளையாட்டிலேயே ஒரு மருந்து இருக்கிறது. இடைவெளி விசையை அழுத்தினால் காலம் நின்றுவிடும். நின்ற நிலையில் சீட்டுகளைப் படிக்கலாம், நகர்த்தலாம், அடுத்த அடியை யோசிக்கலாம். அனுபவம் உள்ளவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை இதுதான். ஆட்டத்தில் பெரும்பகுதி நேரம் காலத்தை நிறுத்தியே ஆடும்போது இது வேறு விளையாட்டாக, நிதானமான ஒரு புதிராக மாறிவிடுகிறது.

நடுப்பகுதியின் அலுப்புக்கு மட்டும் அந்த மருந்து போதாது. முக்கியமான விதிகள் எல்லாம் தெரிந்த பிறகும், தேவையான நூல்களையும் கருவிகளையும் சேர்க்க ஆட்களைத் தொலைதூரக் கல்லறைகளுக்கும் இடிபாடுகளுக்கும் மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் பணம், காத்திருப்பு, தடைகளுக்கேற்ற ஆட்கள். அறிவுச் சீட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உயர்த்தும் வேலையும் இப்படித்தான் நீளுகிறது. முதல் ஐந்து மணி நேரத்தில் ஒவ்வொரு டைமரின் முடிவிலும் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. இப்போது விடை முன்பே தெரியும், காத்திருப்பு மட்டும் மிச்சம். லோவன்ஸ்டீன் சொன்ன இடைவெளி மூடப்பட்டுவிட்டது. ஆனால் கவனத்துக்கான விலை முன்போலவே வசூலிக்கப்படுகிறது. இங்கே குறைசொல்பவர்களின் பக்கமே நியாயம் இருக்கிறது. விளையாட்டை மிகவும் நேசிப்பவர்களே இந்த இடத்துக்காக விளையாட்டை மாற்றியமைக்கும் நிரல்கள் எழுதியிருக்கிறார்கள் என்பது அதற்குச் சான்று. பல மணி நேரம் வளர்த்த ஒரு வாழ்வு, கவனிக்காமல் விட்ட ஒரு நோயால் அழியும்போது வரும் கோபமும் இந்தப் பகுதியில்தான் கடுமையாகிறது. இறந்தவரின் மிச்சத்தை வேறொருவர் தொடரும் வாய்ப்பை விளையாட்டு தருகிறது. முந்தைய கதைமாந்தரின் வழக்கைத் துப்பறிபவராகக்கூட அடுத்த ஆட்டத்தைத் தொடங்கலாம். அது அருமையான யோசனை; ஆனால் சேர்த்தவற்றில் பெரும்பகுதியை மறுபடி சேர்க்க வேண்டியிருப்பதை அது மாற்றாது.

பயத்தின் அளவைப் பற்றியும் கருத்துகள் பிரிகின்றன. டென்மார்க்கின் வைலா நகரில் உள்ள ஒரு பேய்மாளிகைக் கேளிக்கையகத்தில் மார்க் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் 110 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், அச்சத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இடையிலான உறவு கவிழ்த்துவைத்த ப வடிவில் அமைந்தது. அச்சம் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் இன்பம் குறைகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இனிய இடம் இருக்கிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். கல்டிஸ்ட் சிமுலேட்டர் ரத்தத்தாலோ அலறலாலோ பயமுறுத்துவதில்லை. கட்டத்தின் நொடிகள் இறங்குவதும், ஒரு சீட்டு கேளாமலே இழுக்கப்படுவதும்தான் அதன் திகில். இது சிலருக்கு முதுகுத்தண்டில் ஏறுகிறது, சிலருக்கு வெறும் வேலைப்பளுவாகப் படுகிறது. வரிகளைப் படித்தவருக்கு அந்தச் சீட்டு ஒரு மனித வாழ்வின் துண்டு. படிக்க நேரம் கிடைக்காதவருக்கு அது இன்னொரு செவ்வகம்.

இந்தக் கருத்துகள் எங்கிருந்து சேர்கின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கணினி விளையாட்டுகளின் பெரிய கடையான ஸ்டீமில் ஆட்டக்காரர் தரும் தீர்ப்பு இரண்டே வகை: பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை. பக்கத்தில் அவர் ஆடிய மணி நேரமும் அச்சாகும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 2 மணி நேரம் தாராளம். கல்டிஸ்ட் சிமுலேட்டரிலோ அந்த நேரம் முதல் இரண்டு மரணங்களுக்கே போய்விடுகிறது. அதைக் கடந்து தங்கியவர்கள் ஏற்கெனவே ஒரு வடிகட்டலைத் தாண்டியவர்கள், எனவே நெடுநேரம் ஆடியவர்களின் பாராட்டை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. பொதுவாகவே இணையத்தில் மதிப்பீடு எழுதுவோர் மிகவும் பிடித்தவர்களும் மிகவும் பிடிக்காதவர்களும்தான் என்றும், நடுவில் இருப்பவர்கள் எழுதாமலே போய்விடுகிறார்கள் என்றும் நான் ஹு, ஜிய் ஜாங், பால் பாவ்லூ ஆகியோர் 2009இல் விளக்கினார்கள். மிதமாகப் பிடித்தது என்பதைச் சொல்ல இரண்டே பொத்தான்கள் உள்ள இடத்தில் வழியும் இல்லை.

இதே களத்தில் உள்ள மற்ற சீட்டாட்டங்களோடு ஒப்பிட்டால் பிளவின் காரணம் இன்னும் துலங்கும். 2016இல் வந்த 'ஆர்க்கம் ஹாரர்' சீட்டாட்டம் லவ்கிராஃப்டின் உலகிலேயே நடப்பது. நண்பர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவது; விதிகள் புத்தகமாக அச்சிட்டுக் கையில் தரப்படுகின்றன. விதி தெரியும், ஆனால் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் பையிலிருந்து எந்த வில்லை வரும் என்பதுதான் தெரியாது. டேனியல் மல்லின்ஸ் உருவாக்கி 2021இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசை வென்ற 'இன்ஸ்கிரிப்ஷன்' சீட்டு விதிகளைப் பொறுமையாகக் கற்றுத்தருகிறது. இருளில் கண்கள் மட்டும் தெரிய எதிரே அமர்ந்திருக்கும் ஆளிடமிருந்தே அதன் திகில் வருகிறது. இரண்டிலும் அச்சம் விதிகளுக்கு வெளியே குடியிருக்கிறது. ஆதலால் எப்படி ஆடுவது என்ற குழப்பம் அவற்றைப் பற்றிய விவாதத்தில் முன்னே வருவதில்லை.

வெதர் ஃபேக்டரியின் அடுத்த விளையாட்டு ஏறக்குறைய ஒரு சோதனைக்கூட ஒப்பீடாகவே அமைந்துவிட்டது. 2023 ஆகஸ்டு 17 அன்று வெளியான 'புக் ஆஃப் அவர்ஸ்' அதே தெய்வங்களும் அதே அறிவு வகைகளும் உள்ள உலகில், 1936இல், கடற்கரையோரப் பழைய மாளிகையொன்றில் இயங்கும் மறைபொருள் நூலகத்தின் நூலகரை மையமாகக் கொண்டது. சீட்டுகளும் டைமர்களும் அப்படியே இருக்கின்றன. விதிகளும் முன்போல் மறைந்தே இருக்கின்றன. நீக்கப்பட்டது தோல்வி ஒன்றுதான். விரக்தி வந்து கொல்லாது, பணம் தீர்ந்தால் சாவு இல்லை. முந்தைய விளையாட்டில் கடிகாரத்தால் விலகிப்போன பலர் இதில் நிம்மதியாகத் தங்கி, வரிகளைப் படித்து, கதையின் இழைகளைத் தாங்களே கோத்துக்கொண்டார்கள். விதிகளின் மறைவு அவர்களை முன்னரும் விரட்டவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அதே வேளையில், முதல் விளையாட்டின் ரசிகர்கள் சிலர் திகிலே போய்விட்டது, இது இதமான மாலைப்பொழுது வாசிப்பாகிவிட்டது என்று ஏங்கினார்கள். அவர்களுடைய கவிழ்ந்த ப வடிவ வளைவின் உச்சி வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

சுமை முழுவதுமாகப் போகவில்லை. நூலகத்தில் அறை அறையாகத் திறந்து, நூற்றுக்கணக்கான நூல்களை அலமாரிகளில் அடுக்கிய பிறகு, வேண்டிய நூல் எங்கே, எந்தப் பணிக்கு எந்த அறை ஏற்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பலர் கையில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நூல்களை நிறவாரியாக, அறிவுவாரியாக, நூற்றாண்டுவாரியாக அடுக்கித் தங்களுக்கென்று ஒரு பகுப்பு முறையையே உருவாக்கியவர்கள் உண்டு, அந்த அடுக்கலையே விளையாட்டின் சிறந்த பகுதியாகச் சொல்கிறார்கள். சலித்துக்கொண்டவர்களின் குறை, திரையில் பொருள்கள் சிறிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் தேடுவதற்கே பாதி நேரம் போகிறது என்பது.